மஞ்சள் பை மகாத்மியம்

“தொழில் படுத்துவிட்டதா? மனம் சோர்ந்துவிட்டதா? வாருங்கள், ஊக்கானந்தர் எழுப்பிவிடுவார்!”

1994ஆம் வருஷம் சித்திரை பிறந்ததிலிருந்து திருநெல்வேலியில் வெள்ளையடித்த சுவரெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜங்ஷன் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் கூட்டம் தாங்காது. வள்ளியூர் மளிகைக் கடைக்காரர்கள் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார்கள். மேலப்பாளையத்திலிருந்து ஓர் ஆட்டோவுக்கு ஆறு பேராக நெருக்கிக்கொண்டு வந்தார்கள். சாதி, மதம் என்று ஆயிரம் கோடு கிழிக்கிற ஊரில், ஏமாறுவதற்கு மட்டும் எல்லோரும் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்கள். அந்த ஒற்றுமைக்காகவாவது ஊக்கானந்தருக்கு ஒரு மாலை போடலாம்.

ஆள் ஒருவர்தான், வேஷம் இரண்டு. கழுத்துக்குக் கீழே கோட்டும் டையும். கழுத்துக்கு மேலே திருநீற்றுப் பட்டையும் குங்குமமும். படித்தவன் கோட்டைப் பார்த்துக் கொள்ளலாம், பக்தன் பட்டையைப் பார்த்துக் கொள்ளலாம். யாரையும் வெறுங்கையோடு அனுப்புகிற பழக்கம் அவருக்கு இல்லை.

“என்னால் முடியும்!” என்று மைக்கில் கத்துவார். “என்னால் முடியும்!” என்று முந்நூறு வியாபாரிகள் திருப்பிக் கத்துவார்கள். பக்கத்தில் இருப்பவர் முதுகில் ஓங்கித் தட்டச் சொல்வார். தட்டுவார்கள். இதுவரைக்கும் யாருக்கும் நஷ்டமில்லை, முதுகைத் தவிர.

அதற்குப் பிறகுதான் விஷயமே இருக்கிறது. காணிக்கை கட்டியதும் ஆளுக்கொரு சீட்டு கொடுப்பார்கள். பெயர், நட்சத்திரம், கடை விலாசம் மட்டும் எழுத வேண்டும். என்ன வியாபாரம் என்று எழுதக் கூடாது. அது சுவாமிகளின் ஞானக்கண்ணுக்கே தெரியுமாம். தெரியும் என்று சொன்னாரே தவிர, ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. முந்நூறு பேரில் ஒருவரும் அதைக் கேட்கவுமில்லை. சீட்டை நெற்றியில் வைத்துக் கண்ணை மூடி, ‘போணி வாக்கு’ அருளுவார்.

போணி என்பது அன்றைய முதல் விற்பனை. நம் ஊர் வியாபாரிக்கு அதுதான் உயிர். முதலில் வந்தவர் பேரம் பேசிவிட்டு வாங்காமல் போனால், அன்று முழுக்க முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கைராசிக்காரர் வந்து வாங்கிவிட்டால் கடையே சிரிக்கும். ஊக்கானந்தர் அங்கே பார்த்துத்தான் கை வைத்தார்.

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கத்தில் தாணுமாலையன் பதினெட்டு வருஷமாக நோட்டுக் கடை வைத்திருந்தார். மனைவி ஞானம்பாள் பெயரில் ‘ஞானம் ஸ்டோர்ஸ்’. சுற்றிலும் ஐந்து பள்ளிக்கூடங்கள். போன தை மாதம் எதிர்ச் சாரியில் கண்ணாடி அலமாரியும் நாலு மின்விசிறியுமாக ஒரு பெரிய கடை வந்தது. அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. தைரியம் சொல்ல யாராவது கிடைக்க மாட்டார்களா என்று ஏங்கினார். ஏக்கம் தப்பில்லை. போன இடம்தான் தப்பு.

“திங்கள்கிழமை பத்து மணி இருபது நிமிஷம்,” என்றார் ஊக்கானந்தர். “மஞ்சள் பையோடு ஒருவர் வருவார். பேரம் பேச மாட்டார். அவர் கையால் போணி ஆகட்டும். நாற்பத்தெட்டு நாளைக்கு, எந்த நாளும் பத்து இருபதுக்கு முன்னால் ஒரு குண்டூசிகூட விற்காதே. இந்த அடையாளத்தை வெளியே சொன்னால் பலிக்காது.”

திங்கள்கிழமை சரியாகப் பத்து இருபதுக்கு மஞ்சள் பையோடு ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். நாலு நோட்டு வாங்கினார். சொன்ன விலையைக் கொடுத்தார். போய்விட்டார். தாணுமாலையனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. தம்மை நினைக்கவும் மேலே ஒருவன் இருக்கிறான் என்று உருகிப் போனார். அடுத்த திங்களும் வந்தார். அதற்கடுத்த திங்களும் வந்தார்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. நோட்டுக் கடைக்கு வருஷம் முழுக்கச் சோறு போடுவது ஜூன் மாதம். அதிலும் காலை எட்டு மணியிலிருந்து பள்ளி மணி அடிக்கிற வரைக்கும்தான். தாணுமாலையன் அந்த நேரத்தில் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் தாங்க,” என்றாள் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்.

“பத்து இருவதுக்கு மேல வா.”

“அப்பம் எங்களுக்குக் கணக்கு பீரியடுலா?”

“அப்பம் சாயங்காலம் வா.”

அவள் எதிர்க் கடைக்குப் போனாள். அவள் பின்னாலேயே பாளையங்கோட்டைப் பிள்ளைகள் பாதிப் பேர் போனார்கள். ஒருநாள் எட்டே முக்காலுக்கு சிஸ்டர் சாலோமி வந்தார். கான்வென்ட் தலைமை ஆசிரியை. பத்து வருஷ வாடிக்கை. முந்நூறு பிள்ளைகளுக்கு நோட்டு வேண்டும் என்றார். தாணுமாலையன் கையைப் பிசைந்தார்.

“போணி ஆகல சிஸ்டர். பத்து இருவதுக்கு மேல வந்தியள்னா...”

“நான்தான் போணி பண்ண வந்திருக்கேனே அண்ணாச்சி?”

தாணுமாலையன் கடிகாரத்தைப் பார்த்தார். சிஸ்டர் ரோட்டைத் தாண்டி எதிர்க் கடைக்குப் போனார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள் பக்கத்து எஸ்.டி.டி. பூத் ஜாய்சி. உவரிக் கடற்கரைக்காரி. பம்பாய்க்கும் துபாய்க்கும் ஊரே அவள் பூத்தில் நின்றுதான் கத்தும். அவளுக்கு நல்ல நேரம், கெட்ட நேரம் கிடையாது. முதலில் யார் வந்து போன் பண்ணினாலும் அவர்தான் அன்றைய போணி.

ஒரு ஞாயிறு மாலை தாணுமாலையன் மண்டபத்திலிருந்து பயபக்தியோடு ஒரு நோட்டை மார்பில் அணைத்துக்கொண்டு வந்தார். அட்டையில் குங்குமப் பொட்டு. ‘தீட்சை நோட்டு’. தினமும் நூற்றெட்டு முறை ‘என்னால் முடியும்’ எழுத வேண்டுமாம். ஜாய்சி அதை வாங்கிப் புரட்டினாள். பின்னட்டையில் ஒட்டியிருந்த மஞ்சள் காகிதத்தை நகத்தால் பைய உரித்தாள். அடியில் ரப்பர் ஸ்டாம்பு: ‘ஞானம் ஸ்டோர்ஸ், பாளையங்கோட்டை’.

“அண்ணாச்சி, இது நீங்க வித்த நோட்டுலா? எவ்வளவுக்கு வாங்குனிய?”

“மூணு மடங்கு.” தாணுமாலையன் சற்றே யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. “பாத்தியா பிள்ள! நம்ம பொருள் சாமி கைக்குப் போயி, அருளோட நம்மகிட்டயே திரும்பி வந்திருக்கு!”

ஜாய்சி தலையில் அடித்துக்கொண்டாள். நம்பிக்கை என்று வந்துவிட்டால் சாட்சியும் சாமி பக்கம் சாய்ந்துவிடுகிறது.

இதோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஊக்கானந்தர் அடுத்ததாக ‘வணிக மகாதீட்சை’ என்று ஒன்றை அறிவித்தார். பத்தாயிரம் ரூபாய். தீட்சை பெற்றவரின் எதிர்க் கடை தானாக மூடிவிடுமாம். தாணுமாலையன் வீட்டுக்குப் போய் ஞானம்பாளின் இரட்டைவடச் சங்கிலியைக் கேட்டார். அந்த வீட்டில் மிச்சமிருந்த தங்கம் அதுதான். மகள் கல்யாணத்துக்கென்று வைத்திருந்தது.

ஞானம்பாள் அழவில்லை. சங்கிலியைக் கழற்றவுமில்லை. மஞ்சள் பை ரகசியத்தைப் புருஷன் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு, ஜாய்சியைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

“அண்ணாச்சி,” என்றாள் ஜாய்சி, “அந்த மஞ்சப்பை உங்க நட்சத்திரத்தைத் தேடி வருதா, நீங்க எழுதிக் குடுத்த விலாசத்தைத் தேடி வருதா?”

“என்ன கேள்வி இது! என் நட்சத்திரத்துக்கு உள்ள பலன்லா அது!”

“அப்பம் இந்த வாரம் கடையை மாத்திட்டேன்னு சொல்லி வேற விலாசம் குடுங்க. கிழக்குத் தெரு, பதினாலாம் நம்பர். எங்க ஜேசுதாசன் மாமா கடை. நீங்க இங்கனயே இருங்க. நட்சத்திரம் உங்ககூடத்தான இருக்கும்? மஞ்சப்பை இங்கன வந்துட்டுன்னா, நானே மண்டபத்துக்கு வந்து எல்லாரு முதுகுலயும் தட்டுதேன்.”

“ஏ பிள்ள, உங்க மாமா கடையில விக்கது...”

“அது சாமியோட ஞானக்கண்ணுக்குத் தெரியாமலா போயிரும்?”

“வந்துட்டுன்னா சங்கிலியைக் கழத்தித் தாரேன்,” என்றாள் ஞானம்பாள். “வரலன்னா இந்தப் பேச்சை எடுக்கப்பிடாது.”

தாணுமாலையன் உடனே ஒப்புக்கொண்டார். அவ்வளவு உறுதி அவருக்கு. அந்த ஞாயிறு புது விலாசச் சீட்டை ஊக்கானந்தர் நெற்றியில் வைத்ததும் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டார். “ஆகா! யோகமான இடம்! ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து நிற்கிறார்கள்! தீட்சையை அடுத்த ஞாயிறே வைத்துக்கொள்.”

ஜேசுதாசன் செய்து விற்பது சவப்பெட்டி.

திங்கள்கிழமை பத்து இருபது. ஞானம் ஸ்டோர்ஸில் தாணுமாலையன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை. அதே நேரத்தில் கிழக்குத் தெரு பதினாலாம் நம்பர் வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. உள்ளே மரப்பலகை மறைவில் முக்காலி போட்டு ஞானம்பாள் உட்கார்ந்திருந்தாள்.

மஞ்சள் பைக்காரர் உள்ளே காலை வைத்தார். சுவரோரமாக வரிசையாய் நிறுத்தியிருந்த பெட்டிகளைப் பார்த்தார். வெளியே போய்க் கதவு எண்ணைப் பார்த்தார். கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். மறுபடி உள்ளே வந்தார்.

“வாரும். யாருக்கு வே?” என்றார் ஜேசுதாசன், அளவு நாடாவை எடுத்துக்கொண்டு.

“யாருக்கும் இல்ல... சும்மா... போணிக்கு.”

“உயரம் எவ்வளவு?”

“உயரம்லாம் வேண்டாம் அண்ணாச்சி. நாப்பது ரூவாய்க்குள்ள ஏதாவது இருக்கா?”

“ஆணி இருக்கு.”

“அதைத் தாங்க. பேரம் பேச மாட்டேன்.”

ஞானம்பாள் எழுந்து வந்தாள். வசவு ஒன்றும் இல்லை. “வாங்க அண்ணே, ஒரு இடம் வரைக்கும் போயிட்டு வருவோம்,” என்று கையோடு கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். மணி பத்தே முக்கால்.

“இந்தா, உங்க கிரகம்,” என்றாள் புருஷனிடம். “பாவம், சைக்கிள் மிதிச்சுக் களைச்சுப் போயிருக்கு. மோர் குடுங்க.”

கிரகத்தின் பெயர் கருத்தையா. மோரைக் குடித்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். “நமக்கு நாள் கூலி அண்ணாச்சி. திங்கள் பாளை, செவ்வாய் டவுன், புதன் மேலப்பாளையம். உங்க தெருவுக்கு நான் வந்து சேர பத்து இருவது ஆவும். அதான் உங்க நல்ல நேரம். நீங்க கட்டுத காசுலதான் உங்ககிட்டயே வாங்குதோம். நோட்டு மண்டபத்துக்குப் போவும், பொட்டு வச்சு விப்பாவ. ஆணியை எப்படி விப்பாவளோ தெரியல.”

“யாரு வே உங்க சாமி?” என்றார் தாணுமாலையன்.

“வள்ளியூர் சுந்தரு. பேக்கரி வச்சாரு, மூடிட்டாரு. குடைக் கடை வச்சாரு, அந்த வருஷம் மழையே இல்ல. அப்புறம் வீடியோ கடை. அதுவும் போச்சு.”

மூன்று கடையை மூடியவர் முந்நூறு கடைக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்! சிஸ்டர் சாலோமி ரோட்டைத் தாண்டிப் போனது தாணுமாலையன் கண் முன்னால் வந்தது. யாரும் பிடுங்கிக்கொண்டு போகவில்லை; தாமே அனுப்பி வைத்தோம் என்று நினைத்தபோது அவருக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் கூசியது. சங்கிலியைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை.

கருத்தையா சாயங்காலம் வழக்கம்போல மண்டபத்துக்குப் போய், ஞானம்பாள் சொல்லிக் கொடுத்தபடி, “எல்லாக் கடையும் ஆச்சு” என்று மட்டும் சொன்னார். பொய்யும் இல்லை.

அடுத்த ஞாயிறு மண்டபம் நிரம்பி வழிந்தது. தாணுமாலையன் தீட்சை வாங்க வந்தவர்போலவே மேடை ஏறினார். ஊக்கானந்தர் மைக்கைப் பிடித்தார்.

“சொல்லுங்கள், புது இடத்தில் போணி எப்படி?”

“நீங்களே ஞானக்கண்ணால பாத்துச் சொல்லுங்க சாமி.”

ஊக்கானந்தர் கண்ணை மூடினார். “அமோகம்! மஞ்சள் பை வந்தது. பேரமே இல்லை. வாங்கியவர் முகத்தில்தான் என்ன திருப்தி! பாருங்கள், அவர் அதே பொருளை வாங்க மறுபடியும் மறுபடியும் வருவார்!”

கூட்டத்தில் ஜேசுதாசன் எழுந்தார். “சாமி, அந்த விலாசம் என் கடை. நான் சவப்பெட்டி செய்யுதவன். என் பெட்டியில படுத்தவன் முகத்துல திருப்தி இருந்துதான்னு எனக்குத் தெரியாது. ஆனா ஒருத்தன் மறுபடியும் வந்தாம்னா, நான் கடையைப் பூட்டிட்டு ஓடிருவேன்.”

மண்டபமே திரும்பி ஜேசுதாசனைப் பார்த்தது. அந்த விநாடியில் பின் வாசல் வழியாகக் கருத்தையா உள்ளே வந்தார். கையில் மஞ்சள் பை.

“யா அல்லா, நம்ம மஞ்சப்பை!” என்று எழுந்தாள் மேலப்பாளையத்தில் வளையல் கடை வைத்திருக்கும் கமர் நிஷா. “புதன்கிழமை பத்து முப்பத்தஞ்சு!”

“ஏய், அது என் ஆளுலா! செவ்வாய், பதினொண்ணே கால்!”

“எனக்குத் திங்கள், ஒம்பதே அஞ்சு!”

தனக்கென்று ஆண்டவன் தனியாக அனுப்பிய ஆள் என்று ஒவ்வொருவரும் வெளியில் சொல்லாமல் பூட்டி வைத்திருந்த ரகசியம், ஒரே ஆளாக நடுவில் நின்று அசட்டுச் சிரிப்புச் சிரித்தது. முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு முந்நூறு பேரும் சிரித்தார்கள். ஊக்கானந்தர் டையைத் தளர்த்தினார்.

“அண்ணாச்சிமாரே, சத்தம் போடாதிய... உள்ள வச்சுப் பேசுவோம்...” மேடைத் தமிழ் போய் வள்ளியூர்த் தமிழ் வந்துவிட்டது.

“ஏன் சாமி, என்னால் முடியும்னு சொல்லிப் பாருமே!” என்று ஒரு குரல் வந்தது. சாமி அதற்குள் சமையல்கட்டுக் கதவைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் ஞானக்கண் அன்றைக்கு அந்தக் கதவு ஒன்றைத்தான் சரியாகப் பார்த்தது.

மறுநாள் தாணுமாலையன் ஏழரைக்கே கடை திறந்தார். திறந்த கையோடு கான்வென்டுக்குப் போய் சிஸ்டர் சாலோமியிடம் மன்னிப்புக் கேட்டார். நோட்டெல்லாம் எதிர்க் கடையில் வாங்கியாகிவிட்டது. அட்டை போடுகிற பழுப்புத் தாள் மட்டும் பாக்கி.

“அதுக்கு எத்தனை மணிக்கு வரணும் அண்ணாச்சி?” என்றார் சிஸ்டர், சிரிக்காமல்.

“இப்பமே கொண்டாந்திருக்கேன் சிஸ்டர்.” சைக்கிள் கேரியரில் தாள் கட்டு இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு வர உதவியவர் கருத்தையா. இனி அவருக்கு ஞானம் ஸ்டோர்ஸுக்காகப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் ஆர்டர் பிடிக்கிற வேலை. ஊரில் அவருக்குத் தெரியாத தெரு உண்டா?

கதை இங்கே முடிந்தால் நல்லது. ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டுமே. அந்த ஞாயிறு மண்டப வாசலில் ஒருவர் தாணுமாலையன் காதில் ரகசியமாகக் கேட்டார்: “அண்ணாச்சி, இவன் கள்ளன், சரி. வேற நல்ல சாமி யாராவது இருக்காவளா?”

இருக்கிறாரய்யா. காலையில் கடை வாசலில் வந்து நின்று, எனக்கு இன்னது வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுகிறாரே, அவர்தான். அவரைப் பத்து இருபதுக்கு வரச் சொல்லிவிட்டு வழிகாட்டியைத் தேடி ஊர் ஊராக அலையாதீர்கள். உங்கள் மூளைக்கும் ஒரு நாள் போணி ஆகட்டும். அதற்கு நல்ல நேரம் பார்க்க வேண்டியதில்லை.