ஏழு கோட்டுப் படம்

அந்த மாதம் திண்டிவனத்தில் எச்சிலுக்கு ஒரு மரியாதை வந்தது. அதுவரை பஸ் ஸ்டாண்டு சுவரில் வீணாய்ப் போய்க்கொண்டிருந்ததை, ஜனங்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் வரிசையில் நின்று, காகிதக் கோப்பையில் பயபக்தியோடு துப்பினார்கள்.

காரணம், மரபணுச் சித்தர் மணிமாறன். மேலே வெள்ளைக் கோட்டு, கீழே காவி வேட்டி. அறிவியலும் ஆன்மிகமும் அவர் இடுப்பில் சந்தித்துக்கொண்டன. மேம்பாலம் முழுக்க அவர் பேனர்தான்: ‘மூன்றே நிமிடத்தில் ஏழு தலைமுறை. டி.என்.ஏ. பார்க்காத திருமணம் திருமணமா?’ அனந்தபுரத்திலிருந்து வேன் வந்தது. வானூரிலிருந்து ஷேர் ஆட்டோ வந்தது. ஜாதகம் எல்லாம் பழசு, நாங்கள் முன்னேறிவிட்டோம் என்று சொல்லிக்கொண்டார்கள். முன்னேறிய வரிசை பானிபூரி வண்டியைத் தாண்டிப் போயிருந்தது.

அந்த வரிசையில் விக்கிரவாண்டி ஜெயமும் நின்றாள். டோல்கேட் பக்கம் இட்லிக்கடை வைத்திருப்பவள். மகன் சேரனுக்கு ஆவணியில் கல்யாணம். பெண் கலைப்பிரியாவை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் சொந்தக்காரர்கள், “சித்தர் போடுற வம்சப் படம் வாங்காம பத்திரிகை அடிக்காத” என்று சொல்லிவிட்டார்கள். ஜெயம் பயந்துபோனாள். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டு, பெண்ணையே கையோடு அழைத்து வந்துவிட்டாள்.

வெயில் மண்டையைப் பிளந்தது. முன்னால் நின்ற சித்தாள் சவுரியம்மாள் லேசாகத் தள்ளாடினாள். கலைப்பிரியா தன் குடையை அவள் கையில் கொடுத்துவிட்டு, துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டாள். ஜெயம் பார்த்தாள். அடுத்த நிமிஷமே மறந்தாள். பயத்தில் இருக்கிறவளுக்கு நல்லது எங்கே நினைவில் நிற்கும்?

உள்ளே போனதும் கலைப்பிரியா மூக்கை உறிஞ்சினாள். “இன்னா அத்த, ஐஸ்கிரீம் கடைக்கு வந்தாப்புல இருக்குது?”

“வாய வெச்சிக்கினு சும்மா இரு கண்ணு. சாமி குத்தம் ஆயிடப் போவுது.”

கலைப்பிரியா ஊட்டிப் பக்கம் ஒரு பழ ஆராய்ச்சிப் பண்ணையில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவள். அந்த மூக்கு சும்மா இருக்குமா?

அவள் கோப்பையைச் சித்தர் வாங்கினார். உமிழ்நீரில் சிவப்பாய்க் கொழகொழவென்று ‘இமயமலைச் செந்தீர்த்தம்’ ஊற்றினார். அதன்மேல் ஆஸ்பத்திரி வாசனை அடிக்கும் ‘பனிநீர்’ ஊற்றினார். சிவப்புக்குள்ளிருந்து வெள்ளை வெளேரென்று நூல் நூலாய் எழும்பியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

சித்தர் ஒரு படத்தை விரித்தார். ஏழு நெட்டுக்கோடுகள், அவற்றில் சின்னச் சின்ன குறிகள். கண்ணை மூடி, ஆறாவது கோட்டில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார்.

“ஆறாம் தலைமுறையில கன்னி சாபம். இந்தப் பொண்ணு வயித்துல கரு தங்காது. பெரிய பரிகாரம் பண்ணணும், இல்லனா கல்யாணத்த நிறுத்துங்க. படத்தை பூஜை அறையிலதான் விரிக்கணும். அடுத்தவங்க பாத்தா தோஷம் தாவிடும்.”

ஜெயம் கலைப்பிரியாவின் முகத்தைப் பார்த்தாள். இந்தப் பெண்ணை வேண்டாமென்று எந்த வாயால் சொல்வது?

கலைப்பிரியா அழவில்லை. அத்தையின் தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டு போனாள், வேறொரு கோப்பையோடு வந்தாள்.

“மாப்பிள்ளையோடதா?” என்றார் சித்தர்.

“நீங்கதான் பாத்து சொல்லணும்.”

செந்தீர்த்தம், பனிநீர். நூல் இன்னும் தடியாக எழும்பியது. சித்தர் இரண்டாவது கோட்டில் வட்டம் போட்டார். “ரெண்டாம் தலைமுறை குடிகாரன். அந்த ரத்தம் இவனுக்குள்ள ஓடுது.”

“சாமி, அது தண்ணி. எங்க அத்த கடையில காய்ச்சி ஆறவெச்சது. குடிகாரத் தண்ணியா?”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சித்தர் அசரவில்லை. “பாட்டிலை மனுஷன் தொட்டிருப்பான். நாத்திகம் பேசாத.”

“சரி. என் எச்சில்ல அந்தச் செவப்பை ஊத்தாம நூல் எடுங்க.”

“தீர்த்தம் இல்லாம எப்படி வரும்?”

“அப்ப நூல் தீர்த்தத்துலதான இருக்குது.”

அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். “படம் வெச்சிருக்கிறவங்க கொஞ்சம் விரிங்களேன்.”

ஒரு கையும் அசையவில்லை. தோஷம் தாவிடுமே. கடைசியில் சவுரியம்மாள் எழுந்தாள். “வெயில்ல எனக்குக் கொட குடுத்த பொண்ணு. அது கேட்டா கெட்டதா இருக்காது” என்று தன் படத்தைச் சுற்றியிருந்த மஞ்சள் கயிற்றை அவிழ்த்தாள். ஏழு கோடு. அனந்தபுரத்து வேர்க்கடலை விவசாயி ராஜாமணி எட்டிப் பார்த்தார், திடுக்கிட்டார், தன்னுடையதையும் விரித்தார். அதே ஏழு கோடு, அதே குறிகள். சிவப்பு வட்டம் மட்டும் வேறு இடம். அப்புறம் மண்டபம் முழுக்கச் சரசரவென்று காகிதச் சத்தம். எல்லாம் ஒரே படம்.

“இது காட்டு ஸ்ட்ராபெர்ரி படம்” என்றாள் கலைப்பிரியா. “ரெண்டு வகைச் செடியைக் கலந்து, பொறந்த கன்னுங்க ஒவ்வொண்ணுத்து டி.என்.ஏ.விலயும் அடையாளம் பாப்போம். எந்தெந்த அடையாளம் சேர்ந்தே வருதோ அதுங்க பக்கத்துப் பக்கத்துல இருக்குது. அப்படி எண்ணி எண்ணிப் போட்ட கோடு இது. ஒரு கோடுன்னா ஒரு ஜோடி குரோமோசோம். அந்தச் செடிக்கு ஏழு கோடு. மனுஷனுக்கு இருபத்துமூணு வேணும். தீர்த்தமும் அதே பழந்தான். நசுக்கி, சோப்பு, உப்பு கலந்து, மேல ஸ்பிரிட்டு ஊத்துனா இப்படித்தான் நூலு வரும். எனக்கு வட்டம் போட்டாரே, அங்க இருக்கிறது செடி எந்தப் பருவத்துல பூக்கும்ன்ற சேதி.”

சவுரியம்மாள் ராஜாமணியின் படத்தையும் தன் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்ப நீங்களும் நானும் ஒரே வம்சமாங்க?”

ராஜாமணிக்கும் அவளுக்கும் ஒரே ஊர். அவர் வீட்டில் அவளுக்குத் தனி டம்ளர். “படத்துல அப்படித்தாம்மா இருக்குது” என்றார். சொல்லி முடித்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அது மண்டபம் முழுக்கப் பரவியது. பின்னறையில் பெட்டி பெட்டியாக ஸ்ட்ராபெர்ரி அகப்பட்டது. ஏழு தலைமுறைச் சாபமும் குழந்தைகள் வாயில் இனிப்பாகப் போய்ச் சேர்ந்தது. யாரோ போலீசுக்குப் போன் செய்தார்கள்.

ஜெயம் கலைப்பிரியாவின் கையைப் பிடித்தாள். “கண்ணு, அந்தம்மாவுக்குக் கொட குடுத்தியே, அது எந்தக் கோட்டுல இருக்குது?”

“அது எந்தக் கோட்டுலயும் இல்ல அத்த.”

“அதத்தான் நான் பாத்துட்டேனே. அப்புறம் எதுக்கு இங்க வந்து நின்னேன்?”

நாற்காலியில் சித்தருக்கு வியர்த்துக் கொட்டியது, நாக்கு ஒட்டிக்கொண்டது. கலைப்பிரியா பாட்டிலில் மீதியிருந்த தண்ணீரை நீட்டினாள். “குடிங்க. தாகம் எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

அவர் இரண்டாம் தலைமுறைக் குடிகாரனை ஒரே மடக்கில் குடித்தார். ஒன்றும் ஆகவில்லை.

ஜெயம் அன்றே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். கடவுள் ஆளுக்கொரு தலையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அதை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு வாயை மட்டும் கொண்டுபோனால், அடுத்தவன் துப்பத்தான் சொல்வான்.