வறிய மாணவர்கள் தேவை

ஒரு நாட்டின் எதிர்காலம் வகுப்பறையில் உருவாகிறது என்று விவரம் தெரியாதவர்கள் சொல்வார்கள். உண்மையில் அது பாராட்டு விழா மேடையில், பொன்னாடை விரியும் அந்தப் புனித நொடியில்தான் உருவாகிறது. இராமநாதபுரம் கடலோரத்தில் இதை முதன்முதலாகக் கண்டறிந்தவர், 'தங்கா இன்டர்நேஷனல் ஸ்கூல்' தாளாளர் தங்கப்பாண்டி அவர்கள். 'இன்டர்நேஷனல்' என்பதற்கு ஆதாரம் உண்டு. பள்ளியின் மொட்டைமாடியில் நின்று பார்த்தால் இலங்கை தெரியக்கூடும் என்று அவர் மனதார நம்பினார்.

சேதுக்கரைக் கல்விச் சேவையாளர் பேரவையின் தலைவரும் அவரே, செயலாளரும் அவரே. ஒருவரே எல்லாப் பொறுப்பையும் வகிப்பது ஜனநாயகம் ஆகாது என்பதால், பொருளாளர் பதவியை மட்டும் மனைவி நாகலெட்சுமிக்கு விட்டுக்கொடுத்திருந்தார்.

இந்த ஆண்டு தாளாளருக்கு ஏழைகள் மேல் தாங்க முடியாத அன்பு சுரந்தது. சென்னையிலிருந்து ஓர் அறக்கட்டளைத் தலைவி வருகிறார். ஏழைப் பிள்ளைகளின் படிப்பென்றால் அந்த அம்மையாருக்கு உயிர். அவர் மனம் குளிர்ந்தால் தங்கா பள்ளிக்கு ஒரு புதுக்கட்டடம் எழும்பும். ஆகவே பேரவை மேடையில் விருது கொடுக்க உடனடியாக ஓர் ஏழைகளின் ஆசிரியர் தேவைப்பட்டார்.

மண்டபம் அகதிகள் முகாமில் அப்படி ஒருவர் தயாராக இருந்தார். பெயர் விமலாதேவி. சிறுமியாகப் படகில் வந்து இறங்கியவர். படித்து முடித்த பிறகும் அகதியை வேலைக்கு எடுக்க எந்தப் பள்ளிக்கும் வழியில்லாததால், தகரக் கொட்டகை ஒன்றில் முகாம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். சம்பளம் கிடையாது. விருதுக்கு இதைவிட வேறு தகுதி வேண்டுமா?

"எனக்கு விருதெல்லாம் வேண்டாம் ஐயா" என்றார் விமலாதேவி.

"அந்த மேடம் நெனச்சா ஒங்க கீர்த்தனிக்கு நர்சிங் காலேஜ்ல எடம் கெடைக்கும்மா. யோசிங்க" என்றார் தாளாளர்.

கீர்த்தனி விமலாதேவியின் மாணவி. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு, முகாம் பிள்ளை என்பதால் எந்தக் கல்லூரியும் சேர்க்காமல் வீட்டில் இருந்தாள். விமலாதேவி யோசித்தார். சம்மதித்தார்.

விழா நாளன்று கல்யாண மண்டபத்தின் வாசலில் தாளாளர் தலையில் கைவைத்தார். முகாம் பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை. கீர்த்தனியின் பின்னலில் புது ரிப்பன்.

"என்னம்மா இது அநியாயம்? ஏழைப் புள்ளைகளக் கூட்டியாரச் சொன்னா, கல்யாணத்துக்கு வந்த மாதிரி வந்து நிக்கிறாக! மேடம் பாத்தா என்ன நெனப்பாக?"

"விழாவெண்டு சொன்னீங்கள் ஐயா. அதுதான் எல்லாரும் உடுப்பை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்தவையள்."

"தலையக் கொஞ்சம் கலைச்சு விடுங்க. சட்டைல ரெண்டு பட்டனப் பிச்சு விட்டாப் போதும்."

விமலாதேவி கீர்த்தனியைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார். "நாங்கள் ஏழையள்தான் ஐயா. ஆனால் அதை உடுத்திக்கொண்டு திரியிறேல்லை."

எந்தத் தலைவரும் துவண்டுபோகும் தருணம். தாளாளர் துவளவில்லை. முகாம் பிள்ளைகளைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். தன் பள்ளியின் கணக்கு ஆசிரியர் முஹைதீனை அழைத்தார்.

"நம்ம பத்தாங்கிளாஸ் புள்ளைகள வேன்ல ஏத்தியாங்க. சாயல்குடி நாடகக்காரர்ட்ட மேக்கப்புக்குச் சொல்லிட்டேன். வறுமை தத்ரூபமா இருக்கணும்!"

"சார், அவுகளுக்கு இன்னைக்குக் கணக்குப் பரீட்சை."

"நீங்க இந்த வருசம் கணக்கு எடுத்தீகளா?"

"எங்க சார்! அட்மிஷனுக்கு வீடு வீடாப் போனேன், அப்புறம் ஆண்டு விழா, இப்பப் பந்தல்."

"பெறகு என்ன பரீட்சை? ஏத்தியாங்க!"

வறுமை வந்து சேர்ந்தது. கன்னத்தில் கரி, தோளில் கிழிசல். முன்னால் நின்றவள் சூஃபியா. அத்தா துபாயில் உழைத்துக் கட்டும் கட்டணத்தில் படிப்பவள். அன்று அந்தக் கட்டடத்திலேயே பரம ஏழையாகத் தெரிந்தாள். அவர்களைக் கண்டதும் விமலாதேவி எழுந்து போகத்தான் நினைத்தார். கடைசி வரிசையில் கீர்த்தனி இருந்தாள். உட்கார்ந்துவிட்டார்.

மேடையில் முதல் பொன்னாடையைத் தாளாளர் தமக்கே போர்த்தச் செய்தார், பழக்க தோஷம். அடுத்தது விமலாதேவிக்கு. 'ஏழைகளின் ஏணி' என்ற பட்டமும் வழங்கப்பட்டது. அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சூஃபியாவை அருகில் அழைத்தார்.

"இந்த டீச்சர்தான் உனக்குச் சொல்லித் தர்றாங்களா? சரி, முக்காலும் அரையும் எவ்வளவு?"

சூஃபியா தயங்கவே இல்லை. "மேல மூணும் ஒண்ணும் நாலு, கீழ நாலும் ரெண்டும் ஆறு. ஆறுல நாலு, மேம்."

அம்மையார் விமலாதேவியைத் திரும்பிப் பார்த்தார். "இதுதான் உங்க சேவையா?"

தாளாளர் தர்மசங்கடத்தில் மாட்டினார். இவர்கள் தன் பிள்ளைகள் என்றால் பள்ளியின் பெயர் போகும். முகாம் பிள்ளைகள் என்றால் விருது போகும். பள்ளியைக் காப்பதே தாளாளரின் முதற்கடமை அல்லவா?

"ஏழைப் புள்ளைக மேடம். இம்புட்டுத்தான் வரும்" என்றார் உருக்கமாக.

விமலாதேவி சூஃபியாவின் அருகில் வந்தார். தோளிலிருந்த பொன்னாடையை உருவினார். நாலாக மடித்து, விரித்து, மடிப்புகளைக் காட்டினார்.

"இஞ்சை பார் பிள்ளை. இது நாலு கால். முக்கால் எண்டால் எத்தினை?"

"மூணு."

"அரையெண்டால்?"

"ரெண்டு. மொத்தம் அஞ்சு. ஆனா டீச்சர், இதுல நாலுதான இருக்கு?"

"காணாது, என்ன? இன்னுமொரு கால் வேணும்." விமலாதேவி எட்டித் தாளாளரின் தோளிலிருந்த பொன்னாடையை எடுத்தார். அதையும் நாலாக மடித்து, ஒரு மடிப்பை மட்டும் பக்கத்தில் வைத்தார்.

"ஒண்ணேகால்!" என்று கத்தினாள் சூஃபியா. "எங்க ஸ்கூல்ல யாருமே இப்புடிச் சொல்லித் தரல டீச்சர்!"

"எந்த ஸ்கூல்?" என்றார் அம்மையார்.

காலைப் பிரார்த்தனையில் பழக்கியபடி சூஃபியா விறைப்பாக நின்றாள். "தங்கா இன்டர்நேஷனல் ஸ்கூல், மேம்!"

மற்ற ஏழைகளும் கைதட்டினார்கள்.

அம்மையார் எழுந்தார். மேடையை விட்டு இறங்கி, கடைசி வரிசைக்குப் போய், கீர்த்தனியின் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார். அந்த மாதமே அவளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. புதுக்கட்டடம் பற்றிய பேச்சு மட்டும் அன்றோடு நின்றது.

அம்மையாரின் கார் கிளம்பியதும் தாளாளர் விமலாதேவியிடம் கண்கலங்கினார். "ஏழைப் புள்ளைகன்னு சொல்லித்தானம்மா மேடையேத்துனேன். என்னையப் பொய்யனாக்கிட்டீகளே!"

"ஐயோ, நீங்கள் எங்கை பொய் சொன்னனீங்கள்?" என்றார் விமலாதேவி, வேனில் ஏறிக்கொண்டிருந்த தங்கா பள்ளிப் பிள்ளைகளைக் காட்டி. "கரியைக் கழுவிப்போட்டுப் பாருங்கோ ஐயா. அப்பவும் இவையள் ஏழையள்தான்."