சிவப்பே இல்லாத திட்டம்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த நேரத்தில் பக்கத்தில் ஒரு திட்டமிடல் குழு இல்லாமல் போனது வரலாற்றின் பெருந்துயரம். இருந்திருந்தால் ஒருவர் கையும் சுட்டிருக்காது. நெருப்பும் இருந்திருக்காது, அது வேறு விஷயம்.

அந்தக் குறையைப் போக்க வந்ததுதான் ஆராய்ச்சிக் கூடத்தின் 'தொழில்நுட்ப அபாயக் குறைப்புக் குழு'. அதன் திருமுன் ஒரு பெண் பொறியாளர் நின்றாள். கயிறு அறுந்தால் லிஃப்டைப் பிடித்து நிறுத்தும் புது பிரேக் அவள் வடிவமைத்தது. புதிதாகத் திறக்கவிருந்த பிரசவ ஆஸ்பத்திரிக்கு அது போகிறது. அங்கேதான் அவள் தங்கையும் பிரசவத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள்.

"மணல் மூட்டையை ஏத்தி, கயித்தை அறுத்துவிட்டு ஒரே ஒரு தடவை பாக்கணும் சார். பிரேக் பிடிக்குதான்னு தெரியணும்."

குழுத் தலைவரின் முகம் வாடியது. "பிடிக்கலேன்னா?"

"பிடிக்கலேன்னு தெரிஞ்சிடும்."

"அதைத்தாம்மா நாங்க அபாயம்னு சொல்றோம்!"

சுவரில் திட்டப்படம் தொங்கியது. ஆபத்தில்லாத கட்டங்களுக்குப் பச்சை, ஆபத்தானவற்றுக்குச் சிவப்பு. 'வரைபடம்' பச்சை, 'கூட்டம்' பச்சை, 'மறுகூட்டம்' கரும்பச்சை. 'சோதனை' மட்டும் வெட்கமில்லாமல் சிவந்து கிடந்தது. எல்லோராலும் 'பச்சைப்பேனா' என்று அழைக்கப்பட்ட திட்ட அதிகாரி தொண்டையைக் கனைத்தார்.

"சார், அந்தக் கட்டத்தையே எடுத்துட்டா?"

தலைவர் தலையசைத்தார். கட்டத்தை எடுத்தார்கள். படம் வயல்வெளி மாதிரிப் பசேலென்று ஆனது. கைதட்டல் ஓய்வதற்குள் டீயும் வந்துவிட்டது.

"கயிறு அறுந்தா என்ன சார் பண்றது?"

"கயிறு அறுந்துபோறது நம்ம திட்டத்துலயே இல்லையேம்மா" என்றார் தலைவர், பரிவோடு.

அவள் விடவில்லை. மேசையைத் தட்டிப் பேசினாள். அவளிடம் 'நேர்மறைச் சிந்தனை' குறைவு என்று குழு கவலையோடு கண்டறிந்து, வெளியூரில் நடந்த நம்பிக்கைப் பயிற்சி முகாமுக்கு அவளை அனுப்பிவைத்தது. அங்கே கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டுத் திரும்பி வந்தபோது லிஃப்ட் மாட்டியாகிவிட்டது.

திறப்பு விழாவில் தலைவர் ரிப்பன் வெட்டினார். கதவு திறந்தது. உள்ளே மின்விசிறி, கண்ணாடி, மெல்லிய இசை. மூன்றாம் மாடியில் பாராட்டுக் கூட்டம்.

"வாங்க சார், முதல்ல நீங்கதான் ஏறணும்" என்றார் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர்.

"நான் தினமும் நடக்கணும்" என்றார் தலைவர்.

"எனக்குப் படி ஏறினாத்தான் பசிக்கும்" என்றார் பச்சைப்பேனா.

மற்ற உறுப்பினர்களுக்கும் உடல்நலத்தில் திடீர் அக்கறை பிறந்தது. குழு ஒருமனதாகப் படிக்கட்டை நோக்கி நடந்தது.

அப்போது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு தங்கை வந்தாள். லிஃப்டுக்குள் கால் வைக்கப் போனவளை, விழாவுக்கு வந்து பக்கத்திலேயே நின்றிருந்த அக்கா கையை விரித்து மறித்தாள்.

"ஏறாதேடி! இங்கயே உக்காரு, பிரசவம் பாக்குற டாக்டரைக் கீழ வரச் சொல்றேன்."

"ஏங்க்கா? நீ பண்ணின பிரேக்தானே? பிடிக்காதா?"

"தெரியாதுடி. பாக்கவே விடல."

"அப்போ யாருக்குத்தான் தெரியும்?"

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, குழு இரண்டாவது மாடியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"அதோ, படியேறிப் போறாங்களே, அவங்களுக்கு நல்லாத் தெரியும்."