சேணத்துக்கு எண்ணெய் முழுக்கு

"ஐயோ, இது எப்படி நனைஞ்சிச்சு?" என்று கந்தப்பன் போட்ட கூச்சலில் லாயத்துக் குதிரையே இரண்டடி பின்வாங்கியது.

தேயிலைத் தோட்டத்துத் துரையின் சேணம் குதிரைக்குத் தண்ணீர் காட்டும் தொட்டிக்குள் கிடந்தது. அதன் அடியில் விரிக்கும் கம்பளியும் கூடவே ஊறிக்கொண்டிருந்தது. நாளைக்குப் பதுளையில் துரைமாரின் குதிரைப் பந்தயம். அப்புத்தளை, லுணுகலைப் பக்கத்துத் துரைமாரெல்லாம் வருகிறார்கள். சேணம் சரியில்லையென்றால் குதிரைக்காரன் கந்தப்பனின் வேலை போய்விடும்.

அதைவிடப் பெரிய கண்டம் ஒன்று இருந்தது. குதிரைக்காரன் வேலை போனால் மற்றவர்களோடு காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று, மண்வெட்டி வாங்கிக்கொண்டு மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டப் போகவேண்டும். பெரட்டில் நின்று ஆளை ஏவுகிற கங்காணி யார்? கந்தப்பனின் பெண்டாட்டி கருப்பம்மாவின் அண்ணன். "நான் தலப்பா கட்டின ஆளு மச்சான், நீங்க மழையில நனையிற ஆளு" என்று பதினோரு வருஷமாக அவரை வாரிக்கொண்டிருந்தவன் கந்தப்பன். இப்போது அவர் கையிலேயே போய் மாட்டுவதா?

சேணத்தைத் தோளிலும் கம்பளியைக் கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு லயத்தில் தான் குடியிருந்த காம்பறாவுக்கு ஓடினான்.

"அடுப்ப மூட்டுடி!"

"இப்பத்தானே சோத்த வடிச்சேன்?"

"சோறு கெடக்கட்டும், மொதல்ல மூட்டு!"

ஒரு மணி நேரம் அடுப்புக்கு மேல் தொங்கியதில் சேணம் காய்ந்தது. காய்ந்ததென்றால் சும்மா இல்லை, தட்டினால் தகரம் மாதிரி சத்தம் போட்டது.

"என்னாடி இப்படி வெறைச்சுப்போச்சு?"

"தோலுதானேங்க? ஒங்க தோலு வறண்டா நான் என்னா செய்வேன்? நல்லெண்ணெ தேய்ச்சு ஊற வைப்பேன்ல?"

கந்தப்பனுக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. இரண்டு போத்தல் நல்லெண்ணெயை ஊற்றிக் கருப்பம்மா தேய்த்தாள். பச்சைப்பிள்ளைக்குக் கை கால் நீவுகிற மாதிரி நீவி, கால் மாட்டும் அங்கவடி வாரைக்கூட விடாமல் உருவிவிட்டாள். சேணம் முதல் போத்தலைக் குடித்தது. இரண்டாவது போத்தலை வேண்டாமென்று வெளியே விட்டது.

சரி பார்க்கலாமென்று கந்தப்பன் அதை உரல்மேல் போட்டு ஏறி உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்திலேயே வழுக்கிக்கொண்டு வாசல்வரை போய் விழுந்தான்.

"தொரை குதிரையில உக்காருவாரா, பதுளை மைதானத்துல உருளுவாரா?" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"எண்ணெ தேய்ச்சா முழுக்காட்டாம வுடுவாங்களா? சீயக்கா போட்டாச் சரியாயிடும்."

சீயக்காய் எண்ணெயை எடுத்தது. எடுத்த கையோடு சாயத்தையும் எடுத்துவிட்டது. கன்னங்கரேலென்று இருந்த துரையின் சேணம், திட்டுத்திட்டாக வெளுத்துச் செவலையும் கறுப்பும் கலந்த கன்றுக்குட்டியாக நின்றது. போதாததற்கு மறுபடியும் சொட்டச் சொட்ட நனைந்தும் போயிற்று.

"தல முழுகினா சாம்பிராணி காட்ட வேணாமா?" என்றாள் கருப்பம்மா, கொஞ்சமும் அசராமல்.

தணலில் சாம்பிராணியைத் தூவி, மேலே கொழுந்துக்கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் சேணத்தைப் படுக்க வைத்தார்கள். புகையைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் காம்பறாக்காரி எட்டிப் பார்த்தாள்.

"சொல்லவே இல்லையே கருப்பம்மா! ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா?"

கந்தப்பன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் தீய்ந்த வாடை வந்தது. பாய்ந்துபோய்த் தூக்கினான். சேணம் நடுவில் நீளமாகப் பிளந்து, ஓரமெல்லாம் அப்பளமாகச் சுருண்டிருந்தது.

"கம்பளியாவது இருக்கேங்க" என்று தேற்றினாள் கருப்பம்மா.

"அத அப்பவே பானையில போட்டுட்டேன்டி! சவுக்காரம் போட்டு நல்லாக் கொதிக்குது!"

கோலால் கிளறி எடுத்தார்கள். குதிரை முதுகுக்குப் போன கம்பளி பூனை முதுகுக்குத் திரும்பி வந்திருந்தது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். கம்பளி ஓர் அங்குலம்கூட நீளவில்லை, கருப்பம்மாதான் கைநழுவி அடுப்படியில் உட்கார்ந்தாள். கந்தப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை பங்களா வாசலில் துரை பந்தய உடுப்பில் நின்றார். கூட இரண்டு வெளியூர்த் துரைமார். கந்தப்பன் இரண்டையும் படியில் வைத்தான்.

"கந்தப்பா, இது என்னா?"

"சேணம்ங்க தொரை."

"அது?"

"கம்பளிங்க. கொஞ்சம் சுருங்கிப்போச்சுங்க."

துரை தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். இங்கிலீசில் கத்தினார், தமிழில் கத்தினார், மறுபடி இங்கிலீசுக்கே போனார். கூட வந்தவர்களிடம் ஆளுக்கு ஒரு சேணம்தான் இருந்தது. பாவம் என்று துரையின் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு அவர்கள் பதுளைக்குப் புறப்பட்டார்கள்.

கந்தப்பன் லாயத்துக்குப் பின்னால் போய்த் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சேதி அதற்குள் பறந்திருந்தது. கங்காணி மச்சான் தோளில் இரண்டு மண்வெட்டியோடு வந்தார்.

"எது வேணும் மாப்ள? காம்பு நீளமானதா, குட்டையானதா? ஒனக்குன்னு பொறுக்கி எடுத்தாந்தேன்."

அப்போது பங்களாச் சமையல்கார அப்பு, ஒரு தட்டு நிறையக் கேக்கோடு மூச்சிரைக்க ஓடி வந்தார். தட்டைக் கந்தப்பன் மடியில் வைத்தார்.

"தொரை ஒனக்குக் குடுத்தனுப்பினாருப்பா. குதிரை ஓடினாலே அவருக்குக் குலை நடுங்கும். அதுதான் நேத்து என்னைய விட்டுச் சேணத்தத் தொட்டியில முக்கச் சொன்னாரு, ஆனா நீ இவ்வளவு நல்லாக் கவனிப்பேன்னு நெனைக்கவே இல்லையாம், சீமையிலேருந்து வர்ற புதுச் சேணத்தயும் ஒன்கிட்டயே குடுக்கச் சொல்லிட்டாரு!"