நான்காம் தட்டில் குணமான கரடி

ஒரு காட்டில், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த பாறை இடுக்கில், காத்தமுத்து என்றொரு கரடி குடியிருந்தது. அதற்குக் கல்லீரலில் புற்றுநோய். ஆயுளில் தேனைத் தவிர வேறெதையும் குடிக்காத கரடி அது. ஆனாலும் பார்க்க வந்த மிருகமெல்லாம் காதோரம் குனிந்து, "எத்தனை வருஷப் பழக்கம்?" என்றுதான் முதலில் கேட்டன.

கொக்கு டாக்டர் மாத்திரை கொடுத்தது. மூன்று மாதம் நோய் அதற்குக் கட்டுப்பட்டது. பிறகு புற்றுச்செல்கள் மாத்திரைக்குப் பழகிவிட்டன. வேண்டாத விருந்தாளியைத் தெருமுனையில் பார்த்ததுமே கதவைச் சாத்திக்கொள்கிற வீட்டார் மாதிரி நடந்துகொண்டன.

ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் செங்கேணி என்றொரு கீரி வேலை பார்த்தது. கீரிக்கு மூலிகை தெரியும் என்று எல்லோரும் நம்பியதால் அதற்கு வேலை கிடைத்தது. தெரியாததால் விழுந்து விழுந்து படித்தது.

அது கரடியின் கட்டியிலிருந்து துளி எடுத்து, நான்காம் எண் கண்ணாடித் தட்டில் வளர்த்தது. தட்டின் மேல் 'காத்தமுத்து' என்று எழுதி ஒட்டியது. ஓடைக்கரைக் கொடி ஒன்றின் இலையிலிருந்து பிரித்த சத்தை விட்டுப் பார்த்தது. ஒன்றும் ஆகவில்லை. அதன்மேல் மாத்திரைக் கரைசலைச் சொட்டியது. செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தால், செல்கள் கூண்டோடு செத்துக் கிடந்தன.

கீரி மூச்சிரைக்க ஓடிவந்தது. "அண்ணே, அந்த இலைச்சத்து தானா எதையும் கொல்லாது. செல்லை மருந்துக்கு மசிய வைக்குது, அவ்வளவுதான்."

"அது போதுமே! ஒரு கட்டு பறிச்சிட்டு வாம்மா" என்றது கரடியின் மனைவி பெரியநாயகி.

"தின்னா பிரயோசனமில்ல அண்ணி. கல்லீரலுக்குப் போறதுக்குள்ள வயிறே கரைச்சிடும். சத்தை மட்டும் பிரிச்சு ஊசியா போடணும். அதுக்கு அனுமதி வாங்கணும். தட்டுலதான் பார்த்திருக்கேன். அண்ணன் உடம்புல என்ன ஆகும்னு எனக்கே தெரியாது."

"சும்மா இருந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியுமே" என்றது காத்தமுத்து.

அனுமதி கவுன்ட்டரில் உடும்பு உட்கார்ந்திருந்தது. வரிசையில் பதினோரு நாள் நின்ற பிறகு கரடியின் முறை வந்தது. உடும்பு விண்ணப்பத்தை மேலும் கீழும் பார்த்தது.

"மருந்து பலன் தந்த முகவரி, கண்ணாடித் தட்டு, எண் நாலு. நோயாளி முகவரி, பாறை இடுக்கு. ரெண்டும் ஒத்துப்போகலியே?"

"சார், அது செல்லு. இது நான்."

"பேரு ஒண்ணா இருக்கு, முகவரி வேறயா இருக்கு. மாத்திட்டு வாங்க."

புற்றுச்செல்லை மசிய வைக்க இலை கிடைத்துவிட்டது. உடும்பை மசிய வைக்க இன்னும் கிடைக்கவில்லை.

பெரியநாயகி ஆறு அலுவலகம் ஏறி இறங்கி, கணவனின் முகவரியைக் கண்ணாடித் தட்டுக்கு மாற்றியது. அதற்குள் கரடி பாதியாகியிருந்தது. இந்தமுறை மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் கவுன்ட்டரில் நின்றது.

உடும்பு கம்ப்யூட்டரில் தட்டியது. முகம் மலர்ந்தது.

"காத்தமுத்து, தட்டு எண் நாலு. நீங்கதானே? போன மாசம் செவ்வாய்க்கிழமையே உங்களுக்குக் குணமாயிடுச்சே! குணமானவருக்கு ஊசி போட விதியில்ல."

கீரி பதறிக்கொண்டு ஓடிவந்தது. "சார், தட்டுல செத்தது செல்லு!"

"அதைத்தாம்மா குணம்னு சொல்றோம்" என்றது உடும்பு. முத்திரை குத்தி, குணமடைந்ததற்கான சான்றிதழை நீட்டியது. வரிசையில் நின்ற மிருகங்கள் கைதட்டின. ஒரு மான் சந்தோஷத்தில் அழுதேவிட்டது.

கரடி சான்றிதழை வாங்கிப் பார்த்தது. பழைய போட்டோ ஒட்டியிருந்தார்கள்.

"நான் இவ்வளவு தெம்பாவா இருந்தேன்?" என்று மனைவியிடம் கேட்டது.

"இருந்தீங்க" என்றது பெரியநாயகி.

மழை பிடிப்பதற்குள் காத்தமுத்து செத்துப்போனது. இறப்புச் சான்றிதழ் கேட்டு, பெரியநாயகி அதே கவுன்ட்டருக்குப் போனது. உடும்பு நெடுநேரம் தேடியது.

"நாலாம் தட்டைக் கழுவிக் கவுத்தாச்சே. அந்த முகவரியில குணமானவர் ஒருத்தர்தான் இருக்கார். யாரும் சாகலியேம்மா."

நீதி: நோய் வந்தால் கண்ணாடித் தட்டில் வர வேண்டும், உடம்பில் வரவழைத்துக்கொள்வது நோயாளியின் கவனக்குறைவு.