மச்சத்தின் வேர்

எல்லாம் சரியாக நினைவிருக்கிறதா என்று எனக்கே சந்தேகம். அந்த வேர்க்காரர் தாடி வைத்திருந்தாரா என்று கேட்டால் தெரியாது. கூட்டம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. மருந்துக்கடை மாடியிலிருந்து படி வழியாக இறங்கித் தெருமுனை வரை வளைந்து நின்றது. கடையைப் பூட்டிவிட்டு மருந்துக்கடைக்காரரும் அதில் நின்றார்.

மச்சத்தின் வேரைப் பிடுங்குவதுதான் அவர் தொழில். கத்தியில்லை, ரத்தமில்லை. வந்தவர்களுக்கு மூளையும் தேவையில்லை. மச்சத்தின் மேல் சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் கண்ணை மூடுவார். அடியிலிருந்து கறுப்பாக ஒரு வேரை உருவிச் சீசாவில் போட்டுக் கொடுப்பார். மச்சம் இருந்த இடத்திலேயே இருக்கும். வேர் போய்விட்டதால் அது தானாக உதிருமாம். எங்களுக்கு அது போதும்.

எங்கள் தையற்கடையை நடத்திய அக்காவுக்குக் கெண்டைக்காலில் ஒரு மச்சம். ஓரம் பிசிறடித்து, நிறம் மாறி, ரத்தம் கசிந்தது. தோல் புற்றுநோயாக இருக்கலாம், உடனே வெட்டிச் சோதிக்க வேண்டும், விட்டால் உள்ளே பரவும் என்றார் டாக்டர். கத்தி பட்டால்தான் பரவும் என்றார் வேர்க்காரர். அக்காவுக்கு இரண்டாவது பேச்சு இனித்தது. வேரைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

சில மாதங்களில் தொடையிடுக்கில் ஒரு கட்டி. மறுபடியும் மாடிக்கே புறப்பட்டாள். எங்களோடு பொத்தானுக்குக் காஜா எடுக்கும் அவள் தங்கச்சி வாதாடவில்லை. கண்மையால் தன் முழங்கையில் ஒரு மச்சம் வைத்துக்கொண்டு கூடவே வந்தாள். நானும் போனேன்.

முதலில் தங்கச்சிதான் கையை நீட்டினாள். வேர்க்காரர் முகத்தைச் சுளித்தார். "ரொம்ப ஆழமாப் போயிருக்கும்மா. எலும்பைத் தொட்டுருச்சு."

நல்ல நீளமான வேராக வந்தது. பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

தங்கச்சி கட்டைவிரலை எச்சிலில் நனைத்து மச்சத்தைத் துடைத்தாள். முழங்கை சுத்தமானது.

"காலையில கண்ணாடி முன்னாடி நான் வரைஞ்சதுங்க இது. எப்ப வேர் விட்டுச்சு?"

கேட்டுக்கொண்டே வேரை எடுத்து முறுக்கைப் பிரித்தாள். "அக்கா, பாரு. மூணு இழை. நூல்டி அக்கா. பசையில தோச்ச நூல்."

நாள் முழுக்க நூலோடு புழங்குகிற எங்களுக்குத்தான் அது வேராகத் தெரிந்திருக்கிறது. நம்பிக்கையில்லாதவள் தொட்டதால்தான் வேர் நூலாகிவிட்டது என்று வரிசையில் ஒருவர் விளக்கினார். சிலர் தலையாட்டினார்கள்.

அக்கா மூன்று இழைகளையும் விரலால் நெருடிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "ஆஸ்பத்திரி எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?"

வேர்க்காரர் கொஞ்சகாலம் சிறையில் இருந்தார். இப்போது வேறு ஊரில் வழுக்கையில் முடி முளைக்க வைக்கிறார், நல்ல கூட்டம். ஆஸ்பத்திரிக்குப் போனபோதே அக்காவுக்கு ஈரலிலும் நுரையீரலிலும் பரவியிருந்தது. அந்த வருடமே இறந்துபோனாள். கடையைத் தங்கச்சி நடத்துகிறாள். நான் அங்கேதான் தைக்கிறேன். யோசிப்பதற்கு யாரும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ, எங்கள் தெருவில் அதற்கு இன்னும் மதிப்பு வரவில்லை.