மகானின் ஊசியும் ஐந்து தொட்டிகளும்

மூடிக்கிடந்த பேட்டரிப் பட்டறைக்குப் பின்னால், காலை ஆறு மணிக்கே கூட்டம் அலைமோதியது. மண் மகான் வந்திருந்தார். நூலில் கட்டிய செப்பு ஊசியை மண்ணுக்கு மேல் தொங்கவிடுவார். ஊசி சுற்றினால் மண்ணில் ஈயம். சும்மா நின்றால் சுத்தம். அவருடைய பொடியைத் தூவினால் சுற்றுகிற ஊசியும் அடங்கிவிடும். பரிசோதனைக் கூடத்துக்குப் பத்து நாள் பிடிக்கிற வேலை, மகானுக்குப் பத்து நொடி. பாவம், விஞ்ஞானிகளுக்கு நூல் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

முன்வரிசையில், பட்டறையை ஒட்டியிருந்த கத்திரித் தோட்டத்தின் சொந்தக்காரர். அவர் காயில் ஈயம் இருப்பதாக அறிக்கை வந்ததும், மருத்துவமனைச் சமையலறை அவரிடம் வாங்குவதை நிறுத்திவிட்டது. மறுபரிசோதனையில் தேறாவிட்டால் தோட்டத்தையே கைவிட வேண்டியதுதான். அவருடைய மச்சினி நாற்றுப்பண்ணை நடத்துகிறவள். வேரோடு ஒட்டி வாழும் ஒரு பூஞ்சையைச் சேர்த்து வளர்த்த நாற்றுகளை, அவர் தோட்டத்தில் பாதி வரிசைகளில் நட்டிருந்தாள். பூஞ்சை ஈயத்தை வேர்ப்பக்கமே பிடித்து வைக்கும், காய்க்கு ஏறுவது குறையும் என்பது அவள் நம்பிக்கை. செடிகளில் காயும் பிடித்துவிட்டது.

மகான் சிரித்தார். "பூஞ்சை ரொட்டியில வந்தா தூக்கி எறியுறோம். அதைப் போய் வேர்ல வெச்சிருக்காளாம்! இன்னிக்கே அத்தனையும் பிடுங்கிப் போடு. அப்பத்தான் என் பொடி வேலை செய்யும்."

கூட்டமும் சிரித்தது. தோட்டக்காரர் மண்வெட்டியை எடுத்தார்.

"கொஞ்சம் இருங்க மாமா," என்று தள்ளுவண்டியோடு வந்தாள் மச்சினி. வண்டியில் எண் போட்ட ஐந்து மண்தொட்டிகள். "பிடுங்கறதுன்னா ரெண்டு நிமிஷ வேலை. அதுக்கு முன்னாடி, இதுல எதெது விஷ மண்ணுன்னு ஐயா சொல்லட்டும்."

"என்னையே சோதிக்கிறியாம்மா?"

"உங்களை இல்லீங்க. ஊசியை."

கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போது மகானால் பின்வாங்க முடியுமா? ஊசி இறங்கியது. முதல் தொட்டியில் சுற்றியது. இரண்டில் நின்றது. மூன்றிலும் நான்கிலும் பேய்ச் சுற்று. ஐந்தில் சாது.

"ஒண்ணு, மூணு, நாலு! அந்த நாலாவதுல விளைஞ்சதைத் தின்னா ஆளே காலி!"

கூட்டம் வாயைப் பிளந்தது.

"அஞ்சும் ஒரே குழியில அள்ளின மண்ணுங்க," என்றாள் அவள். "உங்க வீட்டு வாசல்ல, பூச்செடிக்குப் பக்கத்துல. உங்க டிரைவர் அண்ணன்தான் அள்ளிக் கொடுத்தார். இல்லையாண்ணே?"

காருக்குப் பக்கத்தில் நின்ற டிரைவர் தலையைச் சொறிந்தார். "ஆமாங்க. ஐயா போன மாசம்தான் அங்க பொடி தூவினாரு."

"அப்போ உங்க பொடி உங்க வீட்டுலயே வேலை செய்யலியா சாமி?" என்றார் கூட்டத்தில் நின்ற ஒரு டயர் கடைக்காரர்.

"சந்தேகப்படறவங்க பக்கத்துல நின்னா ஊசி தடுமாறும்!"

"நீங்க பிடிக்கும்போதுதானே தடுமாறுது?" என்றாள் மச்சினி.

மகான் ஊசியை நூலோடு சுருட்டிக்கொண்டு காருக்கு விரைந்தார். கார் கதவு சாத்துகிற சத்தம்தான் கேட்டது.

தோட்டக்காரர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். இரண்டு பக்க வரிசைகளிலிருந்தும் காய் பறித்து, தனித்தனிப் பையில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினார். பத்தாவது நாள் அறிக்கை வந்தது. மச்சினியின் வரிசைகளில் ஈயம் வரம்புக்குள். பழைய வரிசைகளில் வரம்புக்கு மேல். மருத்துவமனை புது வரிசைக் காயை மட்டும் எடுத்துக்கொண்டது. மண்வெட்டிக்குக் கடைசியில் வேலை வந்தது, பழைய வரிசைகளில்.

மறுநாள் நாற்றுப்பண்ணை வாசலில் அதே கூட்டம், அதே கூப்பிய கைகள். "தாயே! என் முட்டைக்கோஸுக்கும் அந்தப் பூஞ்சையைக் கொடும்மா!"

"கையைக் கீழ போடுங்க. முட்டைக்கோஸ் வேர்ல இது ஒட்டவே ஒட்டாது. மத்த பயிர்லயும் எல்லா மண்ணுலயும் ஒரே மாதிரி வேலை செய்யும்னு சொல்ல முடியாது. நாலு வரிசை நட்டுப் பாருங்க, காயைச் சோதனைக்கு அனுப்புங்க. அப்புறம் நம்புங்க."

கூட்டத்தின் முகம் தொங்கிப்போனது. "இத்தனை நிபந்தனை போடுறதெல்லாம் ஒரு சக்தியா?" என்று முனகியபடி பாதிப்பேர் கலைந்தார்கள். அடுத்த தெருவில் கிணற்று நீரைக் கண்ணாலேயே சுத்தம் செய்கிற ஒருவர் வந்திருக்கிறாராம்.

மூளையே இல்லாத பூஞ்சை, விஷத்தை வேரிலேயே மறித்து நிறுத்துகிறது. மூளை உள்ள நாம்தான் அந்த விஷத்தையே கும்பிட்டு உள்ளே அழைத்துக்கொண்டிருக்கிறோம்.